ஊமை வளைவில் பேசியவர்கள்

நம் பள்ளித் தோழர்கள் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒருவர் ஒரு பேட்டியை அனுப்பிவிடுகிறீர்கள். மூட்டுவலிக்கு ஒரு நிபுணர். மழை ஏன் பொய்த்தது என்பதற்கு ஒரு பேராசிரியர். பிள்ளைகள் ஏன் நம்மோடு பேசுவதில்லை என்று புத்தகமே எழுதிய ஓர் அம்மையார். கூடவே ‘கட்டாயம் முழுவதும் கேட்கவும்’ என்று ஒரு கட்டளை. நான் முழுவதும் கேட்பதில்லை. கேள்வி வரைக்கும் கேட்பேன், பதில் தொடங்கியதும் நிறுத்திவிடுவேன். போன வாரம் இதை வெளிப்படையாகச் சொன்னதும் உங்களில் சிலருக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவர் பேச்சை மதிக்கத் தெரியாதவள் என்று ஒருவர் எழுதினார். இது திமிர் என்றார் இன்னொருவர். திமிர்தான். அது எனக்கு எந்த இடத்தில் ஏறியது என்று சொல்கிறேன். இதையாவது கடைசிவரை படியுங்கள்.

நான்காம் வகுப்பில் பல மாதம் நான் பள்ளிக்கு வரவில்லை. எனக்கு அம்மை போட்டிருப்பதாக வாத்தியார் உங்களிடம் சொன்னாராம். அம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் தம்பி அப்போது குப்புற விழக்கூடப் பழகாத கைப்பிள்ளை. அப்பா மேற்கே மரம் வெட்டும் வேலைக்குப் போயிருந்தார், எப்போதாவதுதான் வருவார். மலையில் ஏலக்காய் எடுப்பு தொடங்கியிருந்தது. அம்மா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். தம்பியோ புட்டிப் பாலை வாயில் வைத்தாலே துப்புகிறவன். ஆகவே அவனும் மலைக்குப் போக வேண்டியிருந்தது. அவனைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன்.

போடியிலிருந்து விடிந்ததும் ஜீப்பு கிளம்பும். அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று யாரும் கேட்டதில்லை. ஏறியவர் மடியில் இன்னொருவர் உட்கார்ந்துகொள்வார். டீசலும் வெற்றிலையும் ஈரச் சாக்கும் சேர்ந்த வாடை. தூக்குவாளியிலிருந்து கசியும் புளிக்குழம்பு யாருடைய சேலையிலாவது இறங்கிக்கொண்டிருக்கும். டிரைவர் மாமா வாயைத் திறக்க மாட்டார். ஆனால் அவர் தலைக்கு மேலே, கூரைக் கம்பியில் தொங்கும் டிரான்சிஸ்டர் வழி முழுக்கப் பேசும். அதன் தோலுறை கிழிந்து, சாக்கு தைக்கும் சணலால் தைக்கப்பட்டிருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தத் தையல்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கும்போது செய்தி முடிந்து அந்த நிகழ்ச்சி வரும். வீணை கொஞ்சம் ஒலித்து நிற்கும். பிறகு ஓர் அம்மாளின் குரல். தினமும் ஒரு விருந்தினரைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்பார். டாக்டர், பேராசிரியர், விவசாய நிபுணர், நாவல் எழுதுகிறவர், யார் வந்தாலும் அவருக்கு ஒரே பணிவு. ஜீப்பில் அவருக்கு வைத்த பெயர் கேள்விக்காரம்மா. அந்தக் குரல் என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர்.

“கொரலுக்கே பவுடர் போட்டுருக்கா பாரு” என்பார் எங்களோடு வேலைக்கு வரும் என் அத்தை.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. பாதி மலையில் பாறையை வெட்டிச் சாலை போட்ட வளைவு ஒன்று உண்டு. உள்ளே நுழைந்ததும் ரேடியோ இரைந்து இரைந்து அடங்கிவிடும். பெண்கள் அதை ஊமை வளைவு என்பார்கள். டிரைவர் மாமா வண்டியை நிறுத்துவதும் அதே இடத்தில்தான். பாறையில் கசியும் தண்ணீரை ஒரு பழைய எண்ணெய் டப்பாவில் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக ரேடியேட்டரில் ஊற்றுவார். மறுபடி கிளம்பி மேலே இரண்டு வளைவு ஏறினால்தான் ரேடியோவுக்கு உயிர் வரும். அப்போது கேள்விக்காரம்மா, “மிக அருமையாகச் சொன்னீர்கள் ஐயா, நேயர்கள் சார்பில் நன்றி” என்று விடைகொடுத்துக்கொண்டிருப்பார்.

இப்படியாக அந்தப் பருவம் முழுக்க எங்களுக்குக் கேள்வி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

“ஓட்ட வண்டிய வச்சிக்கிட்டு உயிர எடுக்கான்” என்று பெண்கள் டிரைவர் மாமாவைத் திட்டுவார்கள். அவர் காதில் வாங்கமாட்டார். திட்டு ஓய்ந்ததும் அத்தை தொண்டையைச் செருமுவார். இந்த அத்தை அப்பாவின் அக்கா. பள்ளிக்கூட வாசலை மிதித்தவரில்லை, ஆனால் ரேடியோ தமிழை அப்படியே பிடித்து வைத்திருந்தார். வந்த விருந்தினர் யாரோ அவராகவே மாறி, விட்ட இடத்திலிருந்து பதில் சொல்லத் தொடங்குவார்.

ஒரு நாள் பொருளாதாரப் பேராசிரியர் வந்தார். “இந்த விலைவாசி உயர்வைச் சாமானிய மக்கள் எவ்வாறு சமாளிப்பது?” என்று கேள்விக்காரம்மா கேட்டதும் வளைவு வந்துவிட்டது.

அத்தை முந்தானையைத் துண்டு போலத் தோளில் போட்டுக்கொண்டார். “அதாவது நேயர்களே, சாமானிய மக்கள் காலையில் பட்டினி கிடக்கலாம். மத்தியானம், காலையில் கிடந்த பட்டினியை நினைத்துப் பெருமைப்படலாம். அதுக்கு மேலயும் பசிச்சா என்னையக் கூப்புட்டு இன்னொரு தடவ பேசச் சொல்லலாம்.”

இன்னொரு நாள் ஒரு நாவலாசிரியர். உங்கள் கதைகளில் பெண்கள் ஏன் அழுதுகொண்டே இருக்கிறார்கள் என்று கேள்வி. அத்தை யோசிக்கவே இல்லை. “அதாவது, அவளுக அழுகைய நிப்பாட்டிட்டா எந்திரிச்சு வேற சோலிக்குப் போயிருவாளுக. அப்புறம் நான் யார வச்சு கத எழுதுறது?”

ஜீப்பு குலுங்கும். அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மடியில் தம்பி பால் குடித்துக்கொண்டிருப்பான். அம்மா அந்தப் பேச்சில் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

எல்லாம் கேலி என்று நினைக்காதீர்கள். அத்தை தொடங்கி வைப்பார், பிறகு பின்னால் இருப்பவர்கள் நிஜமாகவே யோசித்துப் பேசுவார்கள். வரதட்சணைக்கு என்ன செய்யலாம், பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை நாள் ஓய்வு வேண்டும், தென்னையில் குரும்பை ஏன் உதிர்கிறது. வண்டி எஸ்டேட் போய்ச் சேரும்போது எது கேள்விக்காரம்மாவின் விருந்தாளி சொன்னது, எது ஜீப்பில் சொன்னது என்று பிரிக்க முடியாதபடி கலந்துபோயிருக்கும். ஊருக்குள் எல்லாமே ‘ரேடியோவுல சொன்னாங்க’தான். தென்னை மரத்தடியில் உப்புப் போடச் சொன்னது விவசாய நிபுணர் என்று எங்கள் தெருவில் வெகுகாலம் நம்பினார்கள். சொன்னது பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி.

இந்தக் கலப்படத்தால்தான் வினை வந்தது.

ஏலக்காட்டை நீங்கள் எல்லோரும் சுற்றுலா போய்ப் பார்த்திருப்பீர்கள். வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். காய் கண் எதிரே தொங்குவதில்லை. செடியின் தூரடியில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். மேலே மரங்கள் வெயிலை விடாது, தூறல் நின்ற பிறகும் இலை சொட்டும். சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துக் காலில் பூசிக்கொள்வார்கள். அப்படியும் அட்டை ஏறிவிடும். மரக்கிளையில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டு அதில் தம்பியைக் கிடத்துவார்கள். சேலை நனைந்தால் வேறு மரம். அதுவும் நனைந்தால் என் மடி. அவன் உடம்பைத் தடவித் தடவி அட்டை தேடுவதுதான் என் வேலை.

ஒரு நாள் நான் தேடாத இடத்தில் ஒன்று இருந்தது. தம்பியின் இமையோரத்தில், கண்ணுக்குள் நுழையப் பார்த்துக்கொண்டு. நான் போட்ட கூச்சலில் அம்மா சரிவில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். விரலில் சுண்ணாம்பு இருந்தது, அதைக் கண்ணருகே கொண்டுபோக முடியாது. மறு கையைச் சேலையில் துடைத்து, எச்சிலைத் தொட்டுத் தொட்டு நகத்தால் அட்டையை எடுத்தார். எடுத்த பிறகு என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. அவனை என் மடியில் போட்டுவிட்டு மறுபடி காய் எடுக்கப் போனார். எனக்கு அது பொறுக்கவில்லை. என்னை ஓர் அடியாவது அடித்திருக்கலாம்.

அந்த வாரமே தம்பிக்கு இருமல் வந்தது. நெஞ்சில் காதை வைத்தால் கரகரவென்று கேட்கும். எங்கள் ஜீப்பில் வந்த இன்னொருத்தியின் பிள்ளை முந்திய வருடம் இப்படித்தான் இருமி இருமிப் போய்விட்டது. அதை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அதையே நினைத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஏறியதும் முதலில் தம்பியின் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பார்கள்.

எஸ்டேட்டில் நனையாத இடம் ஒன்றே ஒன்று. காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோர். உள்ளே போனால் ஏலக்காய் நெடி கண்ணில் நீரை வரவழைக்கும், ஆனால் கதகதப்பு உடம்பெல்லாம் இறங்கும். சாக்கு அடுக்கும் அறை ஒன்று அங்கே பாதி காலியாகக் கிடந்தது. அங்கே நெருப்பைப் பார்த்துக்கொண்ட மலையாளத்துச் சேட்டன் இரக்கப்பட்டு ஒரு நாள் தம்பியை உள்ளே கிடத்தச் சொன்னார். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு எங்களை வெளியே அனுப்பினார்.

“ஏலக்காய் எந்த வாடை பட்டாலும் இழுத்துக்கும். பிள்ள மூத்தர வாடை ஏறுன காயை எவன் வாங்குவான்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஏலக்காய் அப்படிப்பட்டதுதான். தம்பியும் மூத்திரம் போகிறவன்தான். நாங்கள் மறுபடி மரத்தடிக்கு வந்தோம்.

அதன் பிறகு ஒரு காலையில் கேள்விக்காரம்மாவின் விருந்தினராகக் குழந்தை மருத்துவர் ஒருவர் வந்தார். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவராம். ஜீப்பே மூச்சுவிடாமல் கேட்டது. ஏதேதோ பேசிக் கடைசியில் கேள்விக்காரம்மா கேட்டார், “தோட்டங்களிலும் மலைகளிலும் வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை என்ன செய்வது டாக்டர்?” ரேடியோ இரைந்தது. ஊமை வளைவு.

பெண்கள் டிரைவர் மாமாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவர் பாட்டுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அத்தை அன்று கேலி பேசவில்லை. தம்பியைக் கையில் வாங்கிக்கொண்டார். “அதாவது நேயர்களே, பிள்ளைகளை ஈரத்தில் போடக் கூடாது. வேலை நடக்கிற இடத்திலேயே, காய்ந்த அறை ஒன்று, கதகதப்பான அறை, முதலாளிமார் கொடுக்க வேண்டும். தாய் வந்து வந்து பால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.” பின்னாலிருந்து ஒருத்தி, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றாள். இன்னொருத்தி, பாய் வேண்டும் என்றாள். ரேடியோ உயிர் பெற்றபோது கேள்விக்காரம்மா “மிகவும் பயனுள்ள ஆலோசனை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறு என்ன வேண்டும்? டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றே அத்தை மேனேஜர் முன்னால் போய் நின்றார். “ரேடியோவுல டாக்டரே சொல்லிட்டாரு சார். காஞ்ச ரூம்பு குடுக்கணுமாம்.” இதை அவர் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. அத்தனை பேர் கேட்டுக்கொண்டு வந்ததுதானே. மேனேஜர் ரேடியோவை மதிக்கிறவர். எந்த டாக்டர், புத்தகம் எழுதினவரா என்று விசாரித்தார். பிறகு நாலைந்து நாள் பார்க்கலாம் என்று சாக்கு அறையைத் திறந்துவிட்டார். கைப்பிள்ளைக்காரிகள் எங்களோடு நான்கு பேர். நான்கு பிள்ளைகளும் பாயில் வரிசையாகக் கிடந்தார்கள். தம்பியின் நெஞ்சு இரண்டொரு நாளில் அடங்கத் தொடங்கியது. அவன் சிரித்ததை நான் முதலில் பார்த்தது அந்த அறையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைத் தேங்காய் எண்ணெய் வாங்கக் கடைக்கு அனுப்பினார். வழியில் சைக்கிள் கடை. அங்கே ரேடியோவில் அதே வீணை, அதே கேள்விக்காரம்மா. வாரத்தில் ஒரு நிகழ்ச்சியை மறுபடி போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மலை குறுக்கிடாமல் அந்தக் கேள்வி வந்தது. முதல்முறையாகப் பதிலும் வந்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். வேலை செய்யும் இடத்துக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோவதே தவறு. அது அறியாமை. ஓராண்டுக்குத் தாய் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். வருமானத்தைவிடக் குழந்தை முக்கியம் என்பதை நம் பெண்கள் உணர வேண்டும்.

எண்ணெய் வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். கேட்டதும் அத்தை சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமல், “அந்த டாக்டரு வீட்டுல அடுப்பு தன்னால எரியும் போல” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஜீப்பில் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மேனேஜரும் கேட்டிருப்பாரோ என்பதுதான் பயம்.

“நாந்தான் வாயக் குடுத்தேன்” என்றார் அத்தை. “நானே போயி, தப்பாக் கேட்டுட்டோம்னு சொல்லிர்றேன்.”

“தப்பா என்னத்தக் கேட்டோம் மதினி?” என்றார் அம்மா. “பிள்ளைக்கு எடந்தான கேட்டோம்.”

ஊமை வளைவில் அன்று ஒருவரும் பதில் சொல்லவில்லை. பாறையில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

மேனேஜர் ஸ்டோர் வாசலில் குடையோடு நின்றிருந்தார். நாங்கள் இறங்குவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். “நானும் கேட்டேன், நேத்து. முழுசாக் கேட்டேன். டாக்டர் ரூமப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. பிள்ளக்காரி வேலைக்கே வரக் கூடாதுன்னாரு. ரேடியோ சொன்னபடி நடக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? நடப்போம். கைப்பிள்ளக்காரிக நாலு பேரும் இதே ஜீப்புல கீழ போங்க. ஒரு வருசங் கழிச்சு வாங்க.”

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அம்மா முன்னால் போனார். நான் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“டாக்டரு சொன்னது அவரு வீட்டுக்குச் சரியா இருக்கும் சார். ரூம்பு வேணும்னு அவரு சொல்லல. நாங்க சொல்றோம்.”

“அப்ப அன்னைக்கு ரேடியோவுல சொன்னாங்கன்னு ஏன் சொன்னீங்க?”

“நாங்க சொல்றோம்னு சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?”

மேனேஜருடைய கௌரவம் அத்தனை பேர் முன்னால் சிக்கி நின்றது என்பது இன்று எனக்குப் புரிகிறது. அன்று அவர் முகம் சிவந்தது மட்டும்தான் தெரிந்தது. டிரைவர் மாமாவிடம் திரும்பி, இந்த நாலு பேரையும் கொண்டுபோய்க் கீழே விடு என்றார்.

டிரைவர் மாமா சக்கரத்தைக் காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்தார். “பிரேக்கு சரியில்ல சார். நாலு பேர வச்சு எறங்க முடியாது. முழு லோடு இருந்தாத்தான் வண்டி நிதானமாப் போகும்.”

பிரேக் இல்லாத வண்டிக்குப் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். மேனேஜருக்குத் தெரியாதா? அவர் பேச வாய் எடுப்பதற்குள் அத்தை இடுப்புக் கூடையைக் கழற்றி ஈரத்தரையில் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். “அப்ப நாங்களும் மலையவிட்டு எறங்குறோம். வண்டிக்கு லோடு வேணும்ல.” ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கவிழ்த்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை வளர்ந்துவிட்டவர்கள், கல்யாணமே ஆகாதவர்கள், எல்லோரும். முந்திய வருடம் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் அத்தைக்கு அடுத்து உட்கார்ந்தாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேனேஜர் சரிவைப் பார்த்தார். அங்கே காய் முற்றி நின்றது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பழுத்து வெடித்துவிடும், வெடித்த காய்க்குச் சந்தையில் மதிப்பில்லை. அது அவருக்கும் தெரியும், கூடைமேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும். தம்பி அந்த நேரம் பார்த்து இருமினான்.

ஸ்டோர் வாசலிலிருந்து சேட்டன்தான் குரல் கொடுத்தார். “சாரே, ஸ்டோர் அடுப்ப ஒட்டி விறகு வைக்கிற புரை, அந்த விறகுப்புரை பாதி காலியா கெடக்கு. நல்ல சூடு உண்டு. காய் வைக்கிற எடமும் அல்ல.”

மேனேஜர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். “காய் இருக்கிற பக்கம் ஒரு பிள்ள வரக் கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சரி என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கு அது போதும். அத்தை எழுந்து கூடையைக் கட்டிக்கொண்டு, “அவரு ரூம்ப அவரே வச்சிக்கிறட்டும். வாங்க வெரசா” என்றார்.

விறகுப்புரையில்தான் என் தம்பி தவழ்ந்தான். அவன் உடம்பில் புகையும் ஏலக்காயும் கலந்த ஒரு வாசம் வெகுநாள் இருந்தது. இன்று அவனுக்கு நரைத்துவிட்டது, பேரன் எடுத்துவிட்டான். அவன் இருமினால் மட்டும் நான் இன்றும் செய்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

டிரைவர் மாமாவை நாங்கள் திட்டிய திட்டு தவறு என்பது தெரிய எனக்கு நரைக்க வேண்டியிருந்தது. அவர் படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போனேன். டிரான்சிஸ்டர் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. சணல் தையலோடு அந்தத் தோலுறை மட்டும் இருந்தது, அதில் வெற்றிலை வைத்திருந்தார். சும்மா கேட்டேன், மார்கழிக் குளிரில்கூடவா மாமா ரேடியேட்டர் சூடாகும் என்று.

“வண்டிக்கு ஒரு சூடும் இல்ல தாயி” என்றார். “டாக்டரு, வாத்தியாரு பேசுறத எங்க போனாலும் கேட்டுக்கலாம். ஒங்க அத்த பேசுறத வேற எங்க போயிக் கேக்க?”

அந்த அத்தையும் இல்லை, அம்மாவும் இல்லை. இரண்டு பேரையும் எந்த ரேடியோவும் ஒருநாளும் கூப்பிடவில்லை. அதில் எனக்கு இன்றுவரை ஆத்திரம் உண்டு, அதை நான் ஆற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. அந்த டாக்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் கேட்டார்கள், சொன்னார். யாரிடம் கேட்டார்கள் என்பதுதான் என் சண்டை.

விறகுப்புரை கிடைத்த மறுநாள் காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அன்றைய விருந்தினர் ஒரு பேராசிரியர். மலைத் தொழிலாளர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து புத்தகம் எழுதியிருப்பவர் என்று கேள்விக்காரம்மா அறிமுகப்படுத்தினார். ஜீப்பு வளைந்து வளைந்து ஏறியது. “அந்த மக்களுக்கு உண்மையில் என்னதான் தேவை, ஐயா?” என்று அவர் கேட்டார். பாறை வந்தது. ரேடியோ இரைந்து அடங்கியது. டிரைவர் மாமா டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை தொண்டையைச் செருமி, “அதாவது நேயர்களே” என்று தொடங்கினார். அப்படியே நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். “ஏத்தா, இன்னைக்கு நீ சொல்லு.”

அம்மா தம்பியை மார்பிலிருந்து எடுக்கவில்லை. யார் குரலையும் போட்டுக்கொள்ளவில்லை. கம்பியில் தொங்கிய அந்தக் கிழிந்த உறையை நிமிர்ந்து பார்த்து, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதைப் போலச் சொன்னார்:

“ஏம்மா, அவர எதுக்குக் கேக்குற? நாங்க இங்கதான ஒக்காந்திருக்கோம். எங்களக் கேளு.”